தோற்கிற கட்சிக்காரி

அவள் பல் பிடுங்கப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிஜித் தீவில், சுவா நகரத்துச் சமபுலாப் பகுதியில் ஒரு பல் டாக்டர் அவளுடைய நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, சொத்தைப் பல்லை அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் வீங்கின கன்னத்தோடு வேலைக்கு வந்தாள். அடுத்த வாரம் அந்தச் சொத்தையைப் பிடுங்க மறுபடி அவரிடமே போனாள்.

"ஏண்டி, சுவாவுல வேற பல் டாக்டரே இல்லையா?" என்று கேட்டேன்.

"இவர்கிட்ட ஆரம்பிச்சேன். இவரே முடிக்கட்டும்" என்றாள்.

இரண்டாவது தடவை அவர் சரியான பல்லைப் பிடுங்கினார் என்பதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் சுவா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். அந்தக் காலத்தில் பிஜியிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால், முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போர்டில் பிளக்கைச் செருகி, அந்தப் பக்கத்து ஆப்பரேட்டரைப் பிடித்து இணைத்துக் கொடுப்போம். எனக்குத் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழும், வீட்டிலும் தெருவிலும் பேசின ஹிந்தியும், வேலைக்காகக் கற்ற இங்கிலீஷும் இருந்தன. அவளுக்கும் அதே மூன்றுதான். முஸ்லிம் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அவள் வீட்டுக்கு அதுதான் பக்கம்.

வெளிநாட்டு போர்டில் உட்கார்ந்த முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு லண்டன் ஆப்பரேட்டர் ஒருவர் கிடைத்தார். ஆண் குரல், தொண்டை கட்டியிருந்தது. "மன்னிச்சுக்கோம்மா, எங்க ஊர் புட்பால் டீம் லீக் சாம்பியன் ஆயிடுச்சு, கத்திக் கத்திக் குரல் போச்சு" என்று இங்கிலீஷில் சொன்னார். வட இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுக ஊர் அவருடையது. அந்தக் கிளப்பின் பெயரைச் சொல்லி, நாமும் ஏதாவது ஒரு டீமைப் பிடித்துக்கொள்ளலாமே, ஜெயிக்கிற டீமாக இருக்கிறதே என்று அன்றைக்கே அதன் கட்சியில் சேர்ந்துவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

அவள் சேர்ந்த பிறகு அந்தக் கிளப் இருபது வருஷத்துக்கு மேல் பட்டம் ஜெயிக்கவேயில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. எட்டாவது இடம், பதினோராவது இடம், ஒரு வருஷம் கீழ் டிவிஷனுக்கே போய்விடும்போல இருந்தது. எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் அவள் ராசியைத்தான் குற்றம் சொன்னோம். நீ அந்த டீமை விட்டுவிடு, பாவம், அவர்களும் பிழைக்கட்டும் என்று மதிய இடைவேளையில் கெஞ்சிக்கூடப் பார்த்தோம். ஒவ்வொரு சீசன் முடிவிலும் அவள் சொல்கிற பதில் ஒன்றே ஒன்று.

"இப்பத்தான் அஸ்திவாரம் போட்டிருக்காங்க."

அவர்கள் அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சுவாவில் பாதி ஊரைக் கட்டி முடித்துவிட்டார்கள்.

அந்தக் கிளப் ஆடி அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பிஜியில் அப்போது டெலிவிஷன் கிடையாது. கப்பலில் வருகிற பழைய பேப்பரில் வெட்டின ஒரு கோல்கீப்பர் படத்தைத் தன் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். ஏழெட்டு வருஷம் கழித்து, நியூஸிலாந்திலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் எதிர் டீம்காரர் ஆயிற்றே என்றார். நாங்கள் சிரித்துத் தீர்த்தோம். அவள் படத்தைக் கிழிக்கவில்லை.

"ஒட்டினது ஒட்டினதுதான். அவரும் நல்லாத்தான் பந்து பிடிக்கறாரு."

கல்யாணப் பேச்சும் இதனால்தான் கெட்டது. பக்கத்து ஊரான லாமியிலிருந்து ஒரு டெய்லர் பெண் பார்க்க வந்தார். ஆள் நல்ல மாதிரி, சொந்தமாக இரண்டு மிஷின். அவருக்கும் இங்கிலீஷ் புட்பால் பைத்தியம் உண்டு என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டதாம். எந்த டீம் என்று அவர் கேட்க, இவள் சொல்ல, அவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டியிருக்கிறார். "நானும் முன்ன அந்த டீம்தான். அஞ்சு வருஷம் பார்த்தேன், சரிப்படலை, மாத்திட்டேன். நீங்களும் மாத்திக்கலாமே."

அவர்கள் போனதும் அவள் தன் வாப்பாவிடம் சொன்னாள்: "இவருக்கு அஞ்சு வருஷம்தான் பொறுமை. அதுக்கப்புறம் என்னை மாத்துவாரு."

வாப்பாவுக்கு அந்த டெய்லர் காலர் தைக்கிற விதமே பிடிக்கவில்லை என்று பிறகு சொன்னாராம்.

சூப்பர்வைசர் பரீட்சை வந்தபோது நான் எழுதினேன், அவள் எழுதவில்லை. "சூப்பர்வைசர் ஆனா பிளக்கைத் தொட முடியாதே. எனக்கு யாருடி ஸ்கோர் சொல்லுவா?" என்றாள். அப்படியாக நான் அவளுக்கு மேலதிகாரி ஆனேன். தனியாக இருக்கும்போது "அடியே" என்று கூப்பிடுவாள். நாலு பேர் முன்னால் "மேடம்" என்பாள். அந்த மேடத்தில் இருக்கிற கேலி எனக்கு மட்டும் கேட்கும்.

ஸ்கோர் சொல்கிறவர் அதே லண்டன்காரர்தான். அங்கே சாயங்கால ஷிப்டில் ஆண்கள்தான் உட்காருவார்கள். சனிக்கிழமை அவர்கள் ஊரில் ஆட்டம் முடிந்து விளக்கேற்றுகிற நேரம், இங்கே ஞாயிறு விடிந்து நாங்கள் டீ குடிக்கிற நேரம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஷிப்டை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சர்ச்சுக்குப் போகிற பெண்களெல்லாம் அவளுடைய நல்ல மனசைப் பார்த்து உருகினார்கள். ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பெரிய கேக்கே செய்து கொடுத்தார்கள். கூச்சமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஸ்கோரையும் லீக் பட்டியலையும் அழைப்புகளைப் பதிகிற கால் டிக்கெட்டுகளின் பின்புறத்தில் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பாள். புதிதாக வந்த மேனேஜர், முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்ட நியூஸிலாந்துக்காரர், ஒருநாள் அதை எடுத்துப் பார்த்து, இது என்ன என்று என்னிடம் கேட்டார்.

"பிரார்த்தனை, சார்" என்றேன். அந்தச் சமயத்தில் அவர்கள் பட்டியலில் பதினேழாவது இடத்தில் இருந்ததால் நான் சொன்னது முழுப் பொய் ஆகாது.

அதற்கடுத்த சீசனில்தான் அது நடந்தது. வருஷம் முடிவதற்குள் அந்தக் கிளப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல் வந்து என் காதில் சொன்னாள்.

"முதல்ல இருக்காங்கடி."

"நல்லதுதானே."

"எத்தனை நாள் தாங்கும்னு தெரியலையே."

அதன் பிறகு அவளுக்கு ஆசை அடங்கவில்லை. முன்பெல்லாம் ஸ்கோர் மட்டும் கேட்டவள், இப்போது யார் கோல் போட்டது, எந்தக் காலால் போட்டது என்று விசாரிக்க ஆரம்பித்தாள். மேனேஜர் அதற்குள் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். வெளிநாட்டு லைனில் சொந்தப் பேச்சு பேசினால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை இடமாற்றம், மூன்றாவது தடவை வேலை போய்விடும். முதலாவதை ஜனவரியில் வாங்கினாள். பிப்ரவரியில் லண்டன்காரர் ஒரு கோலைச் சாவகாசமாக வர்ணித்துக்கொண்டிருக்க, லைனுக்காக ஒரு பெரிய சர்க்கார் அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். இரண்டாவதையும் வாங்கிவிட்டாள். அவளை ஒரு மாதம் உள்ளூர் நம்பர் விசாரிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான். அந்த மாதம் முழுக்க அவள் என்னிடம் மேடம் என்று மட்டும்தான் பேசினாள்.

ஏப்ரலில் திரும்பி வந்தாள். அவளுக்கு வேலை விளையாட்டில்லை. வாப்பா அதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். காலமாகிவிட்ட தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவள்தான் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஜெயித்தால் பட்டம், இல்லாவிட்டால் வேறு ஒரு டீமுக்கு. அந்தச் சனிக்கிழமை மதியம் பஸ் நிறுத்தத்தில் அவளிடம் சொன்னேன்.

"நாளைக்கு லீவு எடுத்துக்கோ. வீட்டுல ரேடியோ கேளு. மத்தியானச் செய்தியில எப்படியும் சொல்லுவாங்க."

"ஞாயித்துக்கிழமை ஷிப்டை நான் விட்டதே இல்லை."

"அந்த ஆள் உன் காதுல சொல்லிடுவாரு. நீ வாயைத் தொறப்பே. வேலை போயிடும்."

"நான் கேக்க மாட்டேன். சொல்லவும் விடமாட்டேன். பஸ்." பஸ் என்றால் ஹிந்தியில் போதும் என்று அர்த்தம். வண்டியும் அப்போதே வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கண்காணிப்பு மேஜையில் உட்கார்ந்தபோது மேனேஜரும் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டார். யாரோ அவரிடம் இன்றைக்கு என்ன ஆட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.

ஏழு மணிக்கு ஒரு கால் பதிவாகியிருந்தது. சிகடோகாவில் கத்திரிக்காயும் புகையிலையும் போடுகிற ஒரு விவசாயி, பக்கத்துக் கடைக்காரர் வீட்டு போனிலிருந்து பேசுகிறார். மகன் கப்பலில் வேலைக்குப் போனவன். போன இடத்தில் வயிற்றுவலி வந்து, கரையில் இறக்கி ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஒன்பது நாளாக ஒரே ஒரு தந்திதான் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயர் டிக்கெட்டில் எழுதியிருந்தது. அந்தக் கிளப்பின் ஊர் அது. அவள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

லண்டனைக் கூப்பிட்டாள். அவரேதான் வந்தார். குரல் கட்டிப்போயிருந்தது. ஜெயித்தாலும் கத்துவார்கள், தோற்றாலும் கத்துவார்கள், ஆகையால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"சுவா, நீதானா? இதைக் கேளு—"

"லண்டன், இது சுவா. ஆஸ்பத்திரிக்கு ஒரு கால். நம்பரை எழுதிக்கோங்க."

"வேற ஒண்ணும் வேண்டாமா உனக்கு?"

"நம்பர் மட்டும்."

அவர் நம்பரை வாங்கிக்கொண்டார். அந்த லண்டன் கிழவரின் குரல் அவ்வளவு சுருங்கிப்போனதை நான் கேட்டதில்லை. மேனேஜர் தலையை ஆட்டினார், அவருக்குத் திருப்தி.

ஆஸ்பத்திரி வார்டில் போனைச் சக்கர மேஜையில் தள்ளிக்கொண்டு போய் மகனிடம் கொடுத்தார்கள். ஆனால் லைன் மோசம். சிகடோகாவிலிருந்து அப்பா கத்துகிறார், மகனுக்குக் கேட்கவில்லை. மகன் பேசுவது அப்பாவுக்கு இரைச்சலாகத்தான் போகிறது. நடுவில் இருக்கிற எங்களுக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அப்படி நேர்ந்தால் ஆப்பரேட்டர் இடையில் நின்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், அவரே பேசுவதுபோல் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அப்பா தமிழில் பேசினார். மகனுக்குத் தமிழ் அரைகுறை, ஹிந்தியில் பேசினான்.

"அப்பா, நான் நல்லா இருக்கேன். தையல் பிரிச்சுட்டாங்க" என்று அவனுக்காக அவள் சொன்னாள்.

"பொய் சொல்றான்" என்றார் அப்பா. "அங்க என்னா சத்தம்? ஓன்னு கேக்குதே. யாரோ அழுறாங்க. என்னாத்தையோ எங்கிட்ட மறைக்கறாங்க. மறைக்காம சொல்லச் சொல்லும்மா."

எங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அலை மாதிரி எழும்பி எழும்பி அடங்கியது.

அவள் அவனிடம் ஹிந்தியில் கேட்டாள்: "அங்கே என்ன சத்தம்? யார் அழுகிறார்கள்? மறைக்காமல் சொல்."

மகன் சிரித்தான். சிரித்ததில் வயிறு வலித்து முனகினான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். நான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மேனேஜருக்கு ஹிந்தி தெரியாது, ஆனால் நடுவில் வந்த கிளப்பின் பெயர் அவருக்குப் புரிந்துவிட்டது. விருட்டென்று நிமிர்ந்தார்.

என்னிடமிருந்து பார்த்தால் அவளுடைய முதுகும் காதும்தான் தெரியும். காது சிவந்திருந்தது.

"என்னம்மா? என்னா சொன்னான்?" என்று சிகடோகா கத்தியது.

"யாரும் அழலப்பா" என்றாள். "இந்த ஊர் புட்பால் டீம் இன்னைக்கு ஜெயிச்சிடுச்சு. லீக் சாம்பியன். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம்ப்பா. தெரு பூரா பாடிக்கிட்டுப் போறாங்க. நர்சுங்க ஜன்னல் கிட்ட நின்னு ஆடறாங்க. பக்கத்துக் கட்டில்ல கால் முறிஞ்ச ஒருத்தர் மூத்திரப் பாத்திரத்தை எடுத்துத் தட்டிக்கிட்டே இருக்காரு. அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது."

"புட்பாலைப் பத்திப் பேசறாளா?" என்றார் மேனேஜர்.

"நோயாளி தன் அப்பாவுக்குச் சொல்ற பதில், சார். குறைக்காம சொல்லணும்னு விதி."

அவர் ஹெட்போனை மறுபடி காதோடு அழுத்திக்கொண்டார்.

"அது கெடக்கட்டும்மா" என்றார் சிகடோகா அப்பா. "சாப்பிட்டானா கேளு."

விதி விதிதான். இருபது வருஷமாகக் காத்திருந்தவள் தன் வாயாலேயே அவனிடம் கேட்டாள்: "அது கிடக்கட்டும். சாப்பிட்டாயா?"

சாப்பிட்டானாம். உப்பில்லாத சூப். அதைக் கேட்டதும் அந்த அப்பா அழுதுவிட்டார். உப்பில்லாம எப்பிடிடா குடிச்சே, உப்பில்லாம எப்பிடிடா குடிச்சே என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவளும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் அதை அவனுக்குச் சொன்னாள். நேரம் முடிந்து மகனின் லைனை எடுத்த பிறகு அப்பா மட்டும் இருந்தார்.

"ஏம்மா, உன் குரல் ஏன் இப்பிடி நடுங்குது? எம் மவன் நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இருக்காரு ஐயா. ரொம்ப ரொம்ப நல்லா இருக்காரு."

மேனேஜர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். நான் வரி வரியாக இங்கிலீஷில் சொல்லிக் காட்டியதும், ஒரு சொல்கூட அதிகம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அரைமணி நேரம் இன்னும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். அவருடைய கார் கேட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்டது.

நான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டும் விழவில்லை.

"போய் மூஞ்சியைக் கழுவிட்டு வாடி. நான் உக்காந்துக்கறேன்."

அவள் நகரவில்லை. "மேடம்" என்றாள். அந்த ஒரு தடவை அதில் கேலி இல்லை. "லண்டன் லைன் சரியா இருக்கான்னு ஒருக்கா பார்க்கணும்."

"பாரு."

பிளக்கைச் செருகினாள். நானும் பக்கத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவர் வந்தார். "லண்டன்" என்றார், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி.

"இப்ப சொல்லுங்க" என்றாள். "மேனேஜர் பக்கத்துல இருந்தாரு, அதனாலதான் அப்படிப் பேசினேன். இப்பப் போயிட்டாரு. எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

"உனக்கு யாருமே சொல்லலையா?"

"யாரும் சொல்லலை. நீங்க சொல்வீங்கன்னு உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. பதினோராவது நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தார். முதலில் எதிர் டீம் ஒரு கோல் போட்டுவிட்டதாம். ஐயோ, அப்புறம் என்று இவள் பதறினாள். பாதி ஆட்டம்வரை சமன் ஆகவில்லையாம். போச்சா என்று கேட்டாள். அவர் அவசரப்படாமல், கட்டின தொண்டையோடு, ஒவ்வொரு பந்தாக எடுத்து வைத்து மேலே போனார். கடைசிக் கோலைச் சொன்னபோது இவள் போர்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "நிஜமாவா? சத்தியமா நிஜமாவா?" என்று கேட்டாள். சத்தியமா என்றார் அவர்.

பதினான்கு நிமிஷம் ஆனது. டிக்கெட்டில் "லைன் சோதனை" என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.